சாலையும் சங்கமும்

ஒரு நாட்டின் சட்டங்களை ஆக்குவோர் சட்டசபையில் வீற்றிருக்கும் உறுப்பினர் மட்டுமே என்று எண்ணுதல் இயல்பு. ஆயின் சபையின் வாயிலுக்கு வெளியே நின்று, 'எமக்கு இது வேண்டும். இது வேண்டா' என்று இடைவிடாது கூறுவோரும் சட்டங்களை ஆக்குவதிற் பங்கு கொள்கின்றனர் என்பது அரசியல் நூல் பயில்வோர் அறிந்ததே. ஆங்கிலத்தில் இத்தொழிலை லாபி என்பர். சபைக்கு முன்னுள்ள கூடத்தின் பெயர், அக்கூடத்தில் நின்று செய்யும் தொழிலுக்கு ஆகி வந்தது. இடவாகுபெயர்க்கு வகுப்பிற் காட்டத்தக்க நல்லதோர் எடுத்துக்காட்டு இது. அக்கூடத்திற்குத் தனி மனிதன் ஒருவன் சென்றால் வாயிற்காவலனே அவனைத் திருப்பிவிடுவான். பலர் திரண்டு, ஒரு பெயரும் ஓர் அலுவலகமும் ஒரு செயலாளரும் உடையராய்ச் சென்றால் அவர் சொல் உள்ளே கேட்கும்.

இதனை விளக்குதற்பொருட்டு, அமெரிக்க ஐக்கிய நாட்டில் மோட்டார் வண்டி உடையோர் கூடி அமைத்த 'அமெரிக்கன் ஆட்டோமொபைல் அசோசியேஷன்' என்னும் சங்கத்தின் வரலாற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். தமிழ் பயிலும் மாணவர்க்கும் மோட்டார் வண்டிக்கும் என்ன உறவு என்று நண்பர் சிலர் எம்மை நகைத்தனர். எம்மிற் பெரும்பாலோர் கல்லூரிக்கு நடந்து வருபவர். மோட்டார் வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கும் உறவு எமக்கு நாள்தோறும் உண்டு. இக்கட்டுரை எழுதுதற்கு அவ்வுறவே போதும்.

1900-ஆம் ஆண்டினை அடுத்த காலத்தில் அந்நாட்டில் இருப்புப்பாதைகள் பெரிதும் பரவியிருந்தன. ஊர்க்குள் கல் பதித்த தெருக்களும் இருந்தன. ஊர்க்கு வெளியே உள்ள சாலைகளோ மழையிற் சேறு, வெயிலிற் புழுதி என்னும் நிலையில் இருந்தன. 1903-ஆம் ஆண்டில் ஹொரேஷியோ நெல்சன் ஜாக்சன் என்னும் மருத்துவர், சான் பிரான்சிஸ்கோவிலிருந்து நியூயார்க் வரை மோட்டார் வண்டியிற் செல்வேன் என்று பந்தயம் கூறிப் புறப்பட்டார். இயந்திரம் அறிந்த துணைவர் ஒருவர் உடன் சென்றார். வழியில் நாயொன்றும் சேர்ந்துகொள்ள, அதன் கண்ணுக்கும் புழுதி படாதவாறு கண்ணாடி மாட்டினர். அப்பயணம் 63 நாட்களில் முடிந்தது. மோட்டார் வண்டியில் அந்நாட்டை முதன்முதல் குறுக்கே கடந்தவர் இவரே.

வழியின் கொடுமை ஒருபுறம் இருக்க, சட்டத்தின் கொடுமை மற்றொருபுறம் இருந்தது. 1901-இல் கனெக்டிகட் மாகாணம் ஊர்க்குள் மணிக்கு 12 மைலும் ஊர்ப்புறத்தில் 15 மைலும் வேக எல்லை என்று விதித்தது. அவ்வாண்டிலேயே நியூயார்க் மாகாணம் வண்டிகளைப் பதிவு செய்யவேண்டும் என்றது. இவ்வாறு ஒவ்வொரு மாகாணமும் தனித்தனியே விதி செய்யத் தொடங்கவே, ஓரிடத்திற் குற்றமற்றவனாய்ப் புறப்பட்டவன் எல்லையைக் கடந்த அளவில் குற்றவாளி ஆனான். உழவர்க்கோ மோட்டார் வண்டி என்றாலே வெறுப்பு. அவர்தம் குதிரைகள் அதன் ஓசைக்கு மிரண்டு வண்டியைக் கவிழ்த்தன. கோழிகள் சக்கரத்தில் அகப்பட்டு மடிந்தன. செல்வர் விளையாட்டுக்கு ஏழையின் சாலையோ என்று அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை.

நல்ல சாலை வேண்டும் என்னும் கூக்குரலை முதலில் எழுப்பியவர் மோட்டார் உடையோர் அல்லர் என்பதை ஈண்டு மறத்தலாகாது. சைக்கிள் ஓட்டுவோர் 1880-இலேயே தமக்கென ஒரு சங்கம் நிறுவி, துண்டுப் பத்திரிகைகள் அச்சிட்டும், கூட்டங்கள் கூட்டியும் 'நற்சாலை இயக்கம்' ஒன்றை நடத்தி வந்தனர். 1893-இல் அரசியலார் வேளாண்மைத் துறையின்கீழ்ச் சாலை விசாரணை அலுவலகம் ஒன்றை ஏற்படுத்தியதற்கு அவ்வியக்கமும் ஒரு காரணம். சைக்கிள்காரர் வெட்டிய வாய்க்காலிலே பின்னர் மோட்டார்காரரின் வெள்ளம் பாய்ந்தது. இன்று அந்நாட்டின் பெருஞ்சாலைகள் பலவற்றிற் சைக்கிள் செல்லலாகாது என்று விதி உள்ளது. வெட்டியவர்க்கு வாய்க்கால் உரியதாகவில்லை.

1902-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 4-ஆம் நாள் சிக்காகோ நகரில் ஒன்பது மோட்டார்க் கழகங்களின் சார்பாளர் கூடி இச்சங்கத்தை நிறுவினர். இதன் அமைப்பு கருதத்தக்கது. தனி மனிதன் தன் ஊர்க் கழகத்தில் உறுப்பினன் ஆவான். கழகங்கள் பல சேர்ந்து நாட்டுச் சங்கம் ஆகும். கழகங்களின் கழகம் என்று இதனைக் கூறலாம். ஊராட்சியோடு பேசவேண்டியதை ஊர்க் கழகம் பேசும். மாகாணச் சட்டசபையில் வாதிடவேண்டியதை அம்மாகாணக் கழகங்கள் கூடி வாதிடும். வாஷிங்டன் நகரில் நாட்டுப் பேரவையின் முன் நிற்கவேண்டுவதற்கு நாட்டுச் சங்கம் நிற்கும். அந்நாட்டின் அரசியல் எத்தனை அடுக்காக அமைந்ததோ, சங்கமும் அத்தனை அடுக்காக அமைந்தது. அதன் வலிமையின் மருமம் இதுவே என்று கருதுகின்றோம்.

ஒற்றுமை எளிதில் வந்ததென்று எண்ணவேண்டா. நியூயார்க் நகரச் செல்வர் 1899-இல் நிறுவிய கழகமொன்று, கார்ப் பந்தயங்களை நடத்தும் உரிமை யார்க்கு என்னும் பூசலில் 1908-ஆம் ஆண்டையொட்டிச் சங்கத்தோடு முரண்பட்டுப் பிரிந்தது. அவ்வாண்டில் ஒரு சாரார் ஒரு பந்தயமும் மற்றவர் வேறொரு பந்தயமும் நடத்தினர். சாலையைப் பற்றிப் பேசவேண்டிய காலத்திற் கிண்ணத்தைப் பற்றிப் பேசினர் என்க.

இனிச் சங்கத்தின் தலையாய வெற்றியைக் காண்போம். அமெரிக்க அரசியல் அமைப்பின்படி உள்நாட்டுச் சாலை அமைத்தல் மாகாணங்களின் கடமை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1830-இல் ஆண்ட்ரூ ஜாக்சன் என்னும் குடியரசுத் தலைவர், ஒரே மாகாணத்துள் அடங்கிய சாலைக்கு நாட்டுப் பணம் தருதல் முறையன்று என்று மறுத்த செய்தி பெயர்பெற்றது. ஆயின் அரசியல் அமைப்பில் 'அஞ்சல் நிலையங்களும் அஞ்சற் சாலைகளும்' ஏற்படுத்தும் அதிகாரம் பேரவைக்கு உண்டு என்று ஒரு தொடர் இருக்கின்றது. பூட்டிய கதவுக்கு அத்தொடரே திறவுகோல் ஆயிற்று. 1896 முதல் நாட்டுப்புறங்களில் உழவர் வீட்டு வாயிலுக்கே கடிதங்களைக் கொண்டுசென்று கொடுக்கும் முறை தொடங்கியிருந்தது. சேற்றில் அஞ்சல் வண்டி சிக்கினால் உழவர்க்குக் கடிதம் வாராது. ஆகவே மோட்டார் வண்டியை வெறுத்த உழவரும் நல்ல சாலையை விரும்பினர்.

இங்கும் ஒரு வேறுபாடு இருந்தது. மோட்டார்ச் சங்கத்தார் விரும்பியது நகரையும் நகரையும் இணைக்கும் நீண்ட பெருவழி. உழவர் விரும்பியதோ வயலிலிருந்து சந்தைக்கும் புகைவண்டி நிலையத்திற்கும் செல்லும் குறுஞ்சாலை. இவ்விரண்டும் ஒரு பணப்பையிலிருந்து வரவேண்டும். இருசாராரும் பல ஆண்டு வாதிட்டபின், 1916-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 11-ஆம் நாள் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் கையொப்பமிட்ட சாலை உதவிச் சட்டம் பிறந்தது. ஐந்தாண்டுகளில் 7½ கோடி டாலர் நாட்டுப் பணம் மாகாணங்களுக்கு அளிக்கப்படும். செலவிற் பாதியை மாகாணமே தாங்கவேண்டும். நெடுஞ்சாலைத் துறை இல்லாத மாகாணம் அதனை நிறுவவேண்டும். பெயரளவில் அவை நாட்டுப்புற அஞ்சற் சாலைகளே. உழவர் கை அப்போது ஓங்கிற்று. 1921-ஆம் ஆண்டுச் சட்டம், ஒவ்வொரு மாகாணத்திலும் உள்ள சாலைகளுள் நூற்றுக்கு 7 பங்கைத் தேர்ந்து, ஒன்றோடொன்று இணையுமாறு அவற்றிற்கே உதவி என்றது. இம்முறை ஓங்கியது மோட்டார்ச் சங்கத்தின் கை. தன் வேண்டுகோளைப் பிறர் தேவையோடு பிணைத்துக் கேட்பவன் பெறுவான். தனக்கென்று மட்டும் கேட்பவன் காத்து நிற்பான். சங்கத்தார் இதனைப் பதினான்கு ஆண்டுகளிற் கற்றனர்.

சாலைக்குப் பணம் வேண்டுமே. அது யாரிடமிருந்து வருவது? 1919-இல் ஆரிகன் மாகாணம் ஒரு காலன் பெட்ரோலுக்கு 1 சென்ட் வரி விதித்தது. (காலன் என்பது ஈண்டு முகத்தலளவையின் பெயர். தமிழில் அச்சொற்குரிய மற்றைப் பொருளையும் இச்சாலைகள் பின்னர் மெய்ப்பித்தன.) பத்தாண்டுகளுக்குள் அப்போதிருந்த 48 மாகாணங்களும் அவ்வழியே சென்றன. தன் உறுப்பினர் மேல் விழும் வரியை எந்தச் சங்கம் விரும்பும்? ஆயினும், வரிப்பணம் முழுதும் சாலைக்கே ஆகுமெனின் தருவோம் என்பது மோட்டார்க் கழகங்களின் நிலையாயிற்று. அப்பணத்தை வேறு செலவுக்குத் திருப்புதலையே அவர் பெரிதும் எதிர்த்தனர். பொருளாதார நெருக்கடிக் காலத்தில், 1932-இல், நாட்டரசும் பெட்ரோலுக்கு 1 சென்ட் வரி விதித்தபோது அவர் முறையிட்டனர். 1934-ஆம் ஆண்டுச் சட்டமொன்று, மோட்டார் வரியை வேறு வழியிற் செலவிடும் மாகாணத்திற்குச் சாலை உதவி குறைக்கப்படும் என்று விதித்தது. 1956-இல் பெட்ரோல் வரி சேர்வதற்கென்றே நெடுஞ்சாலை நிதி ஒன்று அமைந்தது. உழவன் நிலவரி வயலுக்கே ஆகவேண்டும் என்றோ, புகையிலை வரி புகைப்பவர்க்கே ஆகவேண்டும் என்றோ யாரும் கூறுவதில்லை. மோட்டார் உடையோர் மட்டும் அதனைக் கூறிச் சட்டமும் ஆக்குவித்தனர். கூட்டுக் குரலின் ஆற்றல் இத்துணையது.

இதுகாறும் கூறியன ஊர்க்கு வெளியே உள்ள சாலையைப் பற்றியவை. ஊர்க்குள் உள்ள தெருவின் கதை வேறு. எம் மனத்தைப் பெரிதும் வருத்தியது அதுவே.

மோட்டார் வண்டி வருமுன் தெரு எல்லார்க்கும் பொது. கூடைக்காரி அங்கே விற்றாள், முதியோர் நின்று பேசினர், பிள்ளைகள் ஆடினர். தெருவைக் கடப்போன் விரும்பிய இடத்திற் கடந்தான். வழக்குமன்றங்களும் நடப்பவன் உரிமையைப் பெரும்பாலும் காத்தன. மோட்டார் பெருகியபின் பிள்ளைகள் இறந்தனர். ஆண்டுதோறும் பலர் இறந்தனர். 1922-இல் பால்டிமோர் நகரில் அவ்வாறு இறந்த குழந்தைகட்கு நினைவுச் சின்னம் எழுப்பினர். போரில் இறந்த வீரர்க்குச் சின்னம் எழுப்பிய கை ஓயுமுன், தெருவில் இறந்த குழந்தைக்கும் எழுப்பவேண்டியதாயிற்று. 1923-இல் சின்சின்னாட்டி நகர மக்களுள் 42,000-க்கு மேற்பட்டோர் ஒரு விண்ணப்பத்திற் கையொப்பமிட்டனர். நகரிலுள்ள ஒவ்வொரு மோட்டார் வண்டியிலும், மணிக்கு 25 மைலுக்கு மேற் செல்லவொட்டாது இயந்திரத்தைத் தடுக்கும் கருவி ஒன்று பொருத்தவேண்டும் என்பதே அவ்விண்ணப்பம். மோட்டார் வணிகரும் மோட்டாரை ஆதரிப்போரும் திரண்டெழுந்து அதனை எதிர்த்தனர். அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் நடந்த வாக்கெடுப்பில் விண்ணப்பம் தோற்றது. கையொப்பமிட்டோர் தொகையிற் குறைந்தவர் அல்லர். ஆயின் மறுநாளும் மறுஆண்டும் அதனையே பேசுதற்கு அவர்க்கு ஒரு சங்கம் இல்லை.

அதன்பின் மோட்டார் உடையோர் ஓர் உண்மையைத் தெளிந்தனர். வேகம் குற்றம் என்னும் எண்ணம் இருக்கும் வரை தமக்கு வெற்றி இல்லை. தெருவிற் கண்டபடி நடத்தலே குற்றம் என்னும் எண்ணம் பரவவேண்டும். அதற்கு ஒரு சொல் கிடைத்தது. 'ஜே' என்பது ஒருவகைப் பறவையின் பெயர். கொச்சை வழக்கில், நகர் வழக்கம் அறியாத பட்டிக்காட்டான் என்னும் இழிபொருளும் அதற்கு உண்டு. நினைத்த இடத்தில் தெருவைக் கடப்பவனை 'ஜேவாக்கர்' என்றனர். ஏளனச் சொல் முதலிற் செய்தித்தாளில் ஏறிற்று. பின்னர்ப் பேச்சில் ஏறிற்று. முடிவிற் சட்டத்தின் பொருளாகவே நிலைத்தது. சொற்பொருள் வேறுபாட்டினை ஆராயும் எம்மனோர்க்கு இதனினும் அஞ்சத்தக்க எடுத்துக்காட்டு வேறில்லை. 1925-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம், நடப்போர் இன்ன இடத்திற் கடக்கவேண்டும் என்று விரிவான விதிகள் செய்தது. அவற்றைப் பரப்புவதில் 1900-இல் தோன்றிய தென் கலிபோர்னிய மோட்டார்க் கழகம் முன்னின்றது. ஹெர்பர்ட் ஹூவர் வணிகத்துறை அமைச்சராயிருந்தபோது 1924-இற் கூட்டிய தெருப் பாதுகாப்பு மாநாட்டின் தொடர்ச்சியாக, லாஸ் ஏஞ்சல்ஸ் விதிகளைத் தழுவிய மாதிரிச் சட்டம் 1928-இல் வெளிவந்தது. பிற நகரங்கள் அதனைப் பார்த்து எழுதிக்கொண்டன.

நடுநிலை பிறழாது கூறின், சங்கத்தார் குழந்தைகளை மறந்தாரல்லர். 1920-இல் சிக்காகோ மோட்டார்க் கழகத்தின் தலைவர் சார்லஸ் ஹேஸ், பள்ளி மாணவரிற் பெரியோரைத் தேர்ந்து, தோளில் வார்ப்பட்டை அணிவித்துத் தெருமுனையில் நிறுத்தி, இளையோரைக் காத்துக் கடப்பிக்கும் முறையை முன்னின்று நடத்தினார். சங்கம் அதனை நாடெங்கும் பரப்பிற்று. அப்பட்டையணிந்த சிறுவரால் உயிர் தப்பினோர் மிகப் பலர் ஆதல் வேண்டும். நெறிப்பட வண்டி ஓட்டுதலை உயர்நிலைப் பள்ளிகளிற் பாடமாகக் கற்பிக்கவும் சங்கம் 1930-களில் நூல் வெளியிட்டது. 1947-இற் சாலைப் பாதுகாப்பு ஆராய்ச்சிக்கென்று தனி நிறுவனம் ஒன்றும் நிறுவிற்று. இவையெல்லாம் மெய்யான நன்மைகள். எனினும், பன்னிரண்டு அகவைச் சிறுவனொருவன் தெருமுனையிற் காவல் நிற்கவேண்டிய நிலை ஏன் வந்தது என்னும் வினாவும் நம்முன் நிற்கின்றது. வண்டி நிற்கும்படி விதித்திருக்கலாம். குழந்தை நிற்கும்படி கற்பித்தனர்.

கார்ப் பந்தயங்களைப் பற்றி ஒரு சொல். பல்லாண்டுகள் அந்நாட்டுப் பெரும் பந்தயங்கட்குச் சங்கமே விதியும் நடுவும் வகுத்தது. 1955-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பிரான்சு நாட்டு லெ மான் பந்தயத்தில் வண்டியொன்று கூட்டத்திற் பாய்ந்து எண்பதின்மர்க்கு மேற்பட்டோரைக் கொன்றது. அவ்வாண்டோடு சங்கம் பந்தயத் தொழிலைக் கைவிட்டது. பார்க்க வந்தோர் ஒரே நாளில் ஓரிடத்தில் மடிந்ததால் அது முடிந்தது. தெருவில் மடிவோர் ஒருவர் ஒருவராய், ஊர் ஊராய் மடிகின்றனர். அதனாற்போலும் அவ்வாறு முடிந்துவிடும் நாளொன்று அவர்க்கு வாய்க்கவில்லை.

1956-ஆம் ஆண்டுச் சட்டம் 41,000 மைல் நீளமுள்ள மாகாணங்கடந்த பெருஞ்சாலைகளை வகுத்தது. செலவில் நூற்றுக்கு 90 பங்கு நாட்டரசினுடையது. ஒதுக்கிய தொகை 2,500 கோடி டாலர். ஜாக்சன் 63 நாட்களிற் கடந்த நாட்டை இன்று நான்கைந்து நாட்களிற் கடக்கலாம். ஆயின் அச்சாலைகள் நகரங்களுக்குள் நுழைந்தபோது குடியிருப்புக்களைக் கிழித்துச் சென்றன. செயின்ட் பால் நகரின் ரொண்டோவும், மயாமி நகரின் ஓவர்டவுனும் கறுப்பின மக்கள் வாழ்ந்து செழித்த சேரிகள். இரண்டும் பெருஞ்சாலையால் இரு கூறாயின. சாலை எவ்வழி செல்வது என்று முடிவு செய்த மேசையில் அவர்க்கு இருக்கை இல்லை.

மோட்டார் உடைய கறுப்பினத்தார் நிலையும் நன்றாயில்லை. வண்டி இருந்தும் வழியில் தங்க விடுதியும் உண்ண உணவுச்சாலையும் அவர்க்கு மறுக்கப்பட்டன. ஹார்லெம் பகுதியின் அஞ்சற்காரர் விக்டர் கிரீன் என்பவர், தம் இனத்தாரை ஏற்கும் விடுதிகளின் பெயரைத் தொகுத்து 1936-இற் பச்சைப் புத்தகம் என்னும் வழிகாட்டியை வெளியிட்டார். 1960-களின் இடைப்பகுதி வரை அது வெளிவந்தது. மோட்டார் உடையோர் அனைவர்க்கும் வழிகாட்டுவேம் என்ற சங்கங்கள் இருந்த நாட்டில், ஓர் அஞ்சற்காரர் தனித்து ஒரு வழிகாட்டி எழுதவேண்டியிருந்தது.

இவ்விடத்துப் பெரியதோர் ஐயம் எழுகின்றது. சங்கத்தின் உறுப்பினர் இன்று ஆறு கோடிக்கு மேற்பட்டோர். அவருள் மிகப் பலர் சேர்ந்தது ஏன்? நள்ளிரவில் வண்டி நின்றுபோனால் வந்து இழுத்துச் செல்லவும், பாட்டரி தீர்ந்தால் உயிரூட்டவும், சாவியை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டால் திறந்துவிடவும் ஆள் வேண்டும் என்று சேர்ந்தனர். அவர் பெயரைத் தொகையாகக் காட்டி வாஷிங்டனில் ஒருவர் பேசுகின்றார். பேசப்படும் பொருளை அவர் அனைவரும் அறிந்து ஒப்பினரோ? சங்கம் சாலைப் பெருக்கத்தையே நாடுகிறது. தூய காற்றையும் பொதுப் போக்குவரத்தையும் நாடவில்லை என்று குறைகூறிய சிலர், 2002-இல் அதே இழுவைத் தொண்டினைத் தரும் வேறொரு கழகத்தைத் தொடங்கினர். அக்குறை முழுதும் நேர்மையானதென்று யாம் கூறவில்லை. 1982-இற் பெட்ரோல் வரியின் உயர்விலிருந்து காலனுக்கு 1 சென்ட் பொதுப் போக்குவரத்திற்குப் பிரிக்கப்பட்டது, உலகம் இடிந்துவிடவில்லை. 1993-க்குப் பின் 18.4 சென்ட் அளவிலேயே நாட்டு வரி நின்றுவிட, நெடுஞ்சாலை நிதி வறண்டது. அப்போது, 2010-களில், 'எம் மேல் விதிக்கும் வரியை உயர்த்துக' என்று கேட்டோருள் இச்சங்கமும் ஒன்று. தனக்குத் தானே வரி கேட்ட சங்கத்தைத் தன்னலமே உருவானதென்று கூறுதல் எளிதன்று. பேரவையோ அவ்வேண்டுகோளுக்குச் செவிசாய்க்கவில்லை.

நடப்பவர் நிலைக்கு மீண்டும் வருவோம். 2009-இல் அந்நாட்டுச் சாலைகளில் வண்டி மோதி இறந்த நடைவழியர் ஏறத்தாழ 4,100 பேர். அதன்பின் அத்தொகை ஏறி, 2022-இல் 7,500-ஐக் கடந்தது. வண்டிக்குள் இருப்போரைக் காக்கும் வாரும் காற்றுப்பையும் பெருகிய காலத்தில், வெளியே நடப்போர் மிகுதியாக இறந்தனர்.

1947-இல் சங்கம் நிறுவிய அவ்வாராய்ச்சி நிறுவனமே 2011-ஆம் ஆண்டில் ஒரு கணக்கினை வெளியிட்டது. மணிக்கு 23 மைல் வேகத்தில் மோதும் வண்டியால் நடப்பவன் இறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 10. 32 மைலாயின் 25. 42 மைலாயின் 50. 58 மைலாயின் 90. மோட்டார் உடையோர் பணத்தால், மோட்டார் உடையோர் நிறுவனம், நடப்போரைப் பற்றிச் செய்த ஆராய்ச்சி இது. பிழையற எண்ணிய எண்ணிக்கை. இதனைப் படித்தபோது எம் நினைவுக்கு வந்தது சின்சின்னாட்டியின் விண்ணப்பமே. அக்கணக்கு வெளிவருதற்கு 88 ஆண்டு முன்னர், ஆராய்ச்சி ஏதுமின்றி, தம் தெருவிற் கண்ட சாவுகளை மட்டுமே கொண்டு அந்நகரத்தார் 42,000 பேர் கேட்ட வேகம் 25 மைல்.